வாசலுக்கு வந்த வைத்தியம்

எங்கள் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்தில், எழுபதுகளில், வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கட்டம் இருக்கும். மலேரியாக்காரர் வந்துபோன தேதியும் கையெழுத்தும் அதற்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே வரும், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுகூட அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்பார்கள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு அவர் நேரே கிணற்றடிக்குப் போவார். எட்டிப் பார்ப்பார், தொட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பார், காய்ச்சல் என்று யாராவது சொன்னால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக்கொள்வார். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று அவர் கிணற்றில் விட்ட கம்பூசியா மீன்கள் எங்களுக்குச் செல்லங்களாகிவிட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, கொஞ்சம் பொரியைத் தூவிவிட்டு, அவை மேலே வருமா என்று காத்துக் கிடந்த சாயங்காலங்கள், கிணறு உள்ள வீட்டில் வளர்ந்த உங்களுக்கும் நினைவிருக்கும்.

தெருமுனை டிஸ்பென்சரிக்குப் போவதென்றால் வீட்டிலிருந்தே ஒரு காலிச் சீசாவைக் கழுவி எடுத்துக்கொண்டு போக வேண்டும். கம்பவுண்டர் அதில் இளஞ்சிவப்பு மிக்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். பட்டையில் ஒரு படி இறங்கினால் ஒரு வேளை முடிந்தது, கடைசிப் படி வருவதற்குள் வயிற்றுவலி போயிருக்கும். இப்போது அதே தெருவில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கிடைக்கிறது, பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ள நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து எவ்வளவோ மேலானதாகிவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சீசாவின் மணம் மட்டும் எந்த மாத்திரை அட்டையிலும் இல்லை.

எங்கள் தலைமுறையின் அடையாளம் மேல்கையில் இருக்கிற அம்மைத் தழும்பு. கிண்டி கிங் நிலையத்தில் தயாரான அம்மைப்பாலோடு அம்மை குத்துகிறவர்கள் தெருவுக்குள் நுழைந்தால், பிள்ளைகள் பரணுக்கும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் ஓடுவோம், பாட்டிமார் பிடித்து இழுத்து வருவார்கள். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை செருகிய வாசல்களைப் பார்த்து வளர்ந்த பாட்டிகள் அவர்கள். ஆத்தாளைக் கும்பிட்ட அதே கையால் பேரனின் தோளைப் பிடித்துக் கொடுத்தார்கள். இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975இல். 1980இல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். என் பேத்தி அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்து இது எப்படி வந்தது என்று கேட்கிறாள். அவள் கையில் அது இல்லை, அந்த வெற்றுத் தோளுக்காகத்தான் அத்தனை பேர் தெருத்தெருவாக நடந்தார்கள்.

சந்தில் அச்சுக்கோக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். இருமலில் ரத்தம் வந்தது. அவருடைய அப்பாவின் காலமாக இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் படுக்கை கிடைக்குமா என்று அலைந்திருப்பார்கள். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய இடம் அது. அண்ணன் போனது சேத்துப்பட்டுக்கு. அங்கே 1956இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கைகோத்து ஒரு காசநோய் மையம் திறந்தன. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறுபாதியை நெருக்கடியான அவரவர் வீட்டிலேயே வைத்து, இரு பக்கமும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தின் போக்கை மாற்றியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து அண்ணனின் மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போகும் நர்ஸம்மாதான்.

சாயங்காலம் கொசுப்புகை வண்டி வரும் நாள்கள் வேறு ரகம். சத்தம் கேட்டதும் சந்துப் பிள்ளைகள் மொத்தமும் வெளியே வந்து, எதிரே வருகிறவன் முகம் தெரியாத வெள்ளைப் புகைக்குள் கூச்சலிட்டுக்கொண்டே ஓடுவோம். புகையில் விழுவது பறக்கிற கொசு மட்டும்தான், தொட்டித் தண்ணீரில் நெளியும் புழுவைத் தேடிப் போகிறவர்தான் நோயை நிறுத்துகிறார் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. தெருவைக் கூட்டிய இன்னொன்று போலியோ சொட்டு மருந்து. 1995 டிசம்பரில் நாடு முழுக்க அந்தச் சொட்டு மருந்து நாள் தொடங்கியபோது நான் கைக்குழந்தையின் தகப்பன். ரேஷன் கடை, கோயில் வாசல், பஸ் நிலையம், ரயிலடி என்று எங்கு பார்த்தாலும் பந்தல், அரசாங்க ஊழியர்களுக்குப் பக்கத்தில் ரோட்டரி சங்கத்தார், ஐஸ்பெட்டியைக் காவல் காக்கும் கல்லூரிப் பிள்ளைகள், சொட்டு விழுங்கிய குழந்தையின் சுண்டுவிரலில் மை. தெருவே திருவிழாக் கோலம் பூண்ட அந்த நாள்கள் வீண் போகவில்லை: 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டு வைரஸால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை, 2014இல் சான்றிதழும் வந்தது.

இப்போது நான் அடுக்குமாடியில் இருக்கிறேன். கிணறு இல்லை, மீன் இல்லை, சுவரில் கட்டம் இல்லை. கொசுப்புழு பார்க்க வருகிறவரைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தி வைக்கிறார், இன்டர்காமில் கேட்டால் பாதி வீடுகள் வேண்டாம் என்கின்றன. நகரத்து மலேரியாக் கொசு விரும்பி முட்டையிடும் மாடித் தொட்டிகளோ எங்கள் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. 2020இல் கொரோனா வந்ததும் மாநகராட்சி வீடுவீடாக ஆளனுப்பிக் காய்ச்சல் கேட்டது, தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டது. அப்போது எல்லாக் கதவும் திறந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை நோயாளியின் வீட்டு வாசலில் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. சேத்துப்பட்டில் நிரூபித்த பாடம் அது.

ஒரு பெருநகரம் பொதுச் சுகாதாரத்துக்குப் போட்ட பணத்தில் மிக நன்றாகப் பலித்தது எது என்று என்னைக் கேட்டால், சந்துக்குள் நடந்து வந்தவர்களுக்குக் கொடுத்த சம்பளம் என்பேன். உலக நிறுவனமும் ஆராய்ச்சி மையமும் சேர்ந்து எதைக் கண்டுபிடித்தாலும் அது கடைசியில் ஒரு மனிதரின் நடையில்தான் வீடு சேர்கிறது. கட்டடத்துக்குக் கல்வெட்டு வைக்கலாம், வராமல் போன காய்ச்சலுக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? அதனால்தான் அந்த நடைக்கு ஒதுக்கும் பணம் எப்போதும் பின்வரிசையில் நிற்கிறது, நடக்கிறவர்களில் பலர் இன்னும் ஒப்பந்தக் கூலியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிரந்தர வேலையும் மரியாதையான சம்பளமும் கொடுப்பது மாநகராட்சியின் கடமை. தொட்டி மூடியைத் தூக்கிப் பார்க்க அவர்களை உள்ளே விடச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் போடுவது நம்முடையது.