நாக்கை ஏமாத்தலாம் கண்ணு, ரத்தத்தை?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டு சிறுகுறிஞ்சான் இலைக்கு மாறிட்டயாமே. உம் பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும். சிப்காட்டுல மிஷின் ஓட்டுறவன்னு நெனச்சேன். பேரிகைக்கே ஒரு பெரிய வைத்தியர் கிடைச்சிருக்கிற சேதி எனக்குத் தெரியாமப் போச்சு.

இலையை நான் குறை சொல்லல. நல்லா மென்னுட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில போட்டுப் பாரு. மணலைத் தின்ன கணக்கா நறநறங்கும், இனிப்பே தெரியாது. 1887லயே ஊட்டியில இருந்த டேவிட் ஹூப்பர்ங்கிற வெள்ளைக்காரர் இந்த இலையை ஆராய்ஞ்சு, இனிப்பை மறைக்கிற அமிலத்தைப் பிரிச்சு எழுதி வச்சுட்டாரு. ஆனா மறைஞ்சது நாக்குக்கு மட்டும்தான். டீயில போட்ட சர்க்கரை டீயிலயேதான் இருக்கு. நீ என்னடான்னா, இனிக்கலையேன்னு இன்னொரு ஸ்பூன் கேட்டயாம்! நாக்கு ஏமாந்துச்சு சரி, ரத்தம் ஏமாறுமா?

ஆராய்ச்சி இருக்குங்கிறே. இருக்கு. மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்காரங்க 1990ல வெளியிட்டாங்க. 22 பேருக்கு இந்த இலைச்சாறு மருந்து, தினம் 400 மில்லிகிராம், ஒன்றரை வருசத்துக்கு மேல. சர்க்கரை இறங்குச்சு. அஞ்சு பேருக்கு மாத்திரையே வேண்டாம்னு ஆச்சு. அஞ்சுன்னதும் உன் மூஞ்சி மலருது பாரு! மிச்சம் 17 பேரை எண்ணினயா? எல்லாரும் மாத்திரையோட சேத்துத்தான் ஆரம்பிச்சாங்க. ரத்தத்தைப் பாத்துப் பாத்துத்தான் குறைச்சாங்க. 22 பேரு உங்க கம்பெனி பஸ்ஸுக்கே காணாது, அதை வச்சு ஊருக்கெல்லாம் மாத்திரையை நிறுத்திருவயா?

மாத்திரைன்னா இங்கிலீஷ் மருந்து, இலைன்னா நம்ம மருந்துன்னு ரோசம் வேற. நீ முழுங்கின மெட்ஃபார்மினுக்கே மூலம் ஒரு செடிதாம்ப்பா. ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு பூச்செடி. அதுல இருக்கிற சரக்கு சர்க்கரையை இறக்கும், ஆளையும் இறக்கும். அந்த வழியைப் பிடிச்சு, விஷம் குறைஞ்ச மருந்தாச் செஞ்சு, பிரான்சு டாக்டர் ஸ்டெர்ன் 1957ல நோயாளிங்களுக்குக் குடுத்த கதையை வெளியிட்டாரு. செடியிலேருந்து மாத்திரைக்கு வரவே அவ்வளவு பாடு. நீ மாத்திரையிலேருந்து திரும்பவும் செடிக்குக் கிளம்பிட்டே!

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு எனக்கே சொல்றயா? அப்படிச் சொன்ன பெரியவங்கெல்லாம் இப்ப எங்க கண்ணு இருக்காங்க? ஆவாரைக் குடிநீர் குடி, வேண்டாங்கல. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டைன்னு ஏழு சரக்கு சேரணும். சர்க்கார் ஆஸ்பத்திரி சித்தா டாக்டரைக் கேட்டுக் குடி. மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயும் வாயைத் திறந்து சொல்லு. மாத்திரை, பாகற்சாறு, வெந்தயம்னு எல்லாம் ஒண்ணாச் சேந்து சர்க்கரையைத் தடாலுன்னு இறக்கிட்டா, நைட் ஷிஃப்ட்டுல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி மிஷின் முன்னால நிப்பே. வேரோட பிடுங்கிருவேன்னு பொடி விக்கிறவன் பக்கம் மட்டும் போகாதே. சர்க்கரையைக் குணமாக்கறேன்னு விளம்பரம் பண்றதுக்கே 1954லேருந்து சட்டத்துல தடை இருக்கு.

இன்னொண்ணும் கேள்விப்பட்டேன். டெஸ்ட்டுக்கு மூணு நாள் முன்னால மட்டும் களி உருண்டையைப் பாதியாக்கிட்டு, நல்ல பிள்ளையாப் போய்க் கை நீட்டுறயாமே? எச்பிஏ1சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. நீ மூணு மாசமாத் தின்ன கணக்கை அது கக்கிரும். ராகிதானேன்னு மூணு உருண்டை அமுக்காதே. மாலூர்க்காரன் முத்தேங்கட்டும், நாம களிங்கலாம், வயித்துக்குள்ள போனா மாவு மாவுதான். ஒரு உருண்டை, அதுக்கு ரெட்டிப்பாக் கீரை, கொஞ்சம் அவரைக்கொட்டை. போதும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலதான் தொடங்கினாங்க. மாத்திரை வீடு தேடி வருது. நீ அதை வீட்டுல வச்சுட்டு இலையைத் தேடிக் காட்டுக்குப் போறே. சரி, போறதே போறே, ஒழுங்காப் போ. வண்டியை எடுக்காதே. விடிகாலையில பாகலூர் ரோட்டோரமா அரை மணி வேகமா நட, ஆவாரம்பூவை நீயே பறி, அதே வழியில நடந்து வா. வந்ததும் மாத்திரையைப் போடு, அப்புறம் டாக்டர் சரின்னா பூவையும் கொதிக்க வச்சுக் குடி. மூணு மாசம் கழிச்சு சர்க்கரை இறங்கியிருந்தா, பேரை ஆவாரையே வாங்கிட்டுப் போகட்டும். எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல.