அடுப்புக்கு ஒரு சான்றிதழ்

யாழ்ப்பாணத்தில் எங்கள் குசினி அடுப்புக்கு ஆன செலவு பூச்சியம். புற்றுமண்ணைக் குழைத்து அம்மாவே வைத்தது. எரிக்க ஊமல், பன்னாடை, கங்குமட்டை. பனை விழுத்தியதைப் பொறுக்கினால் சரி. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து, விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடையாமற் போனபோது, அதுவரை காஸில் சமைத்த வீட்டுக்காரரும் எங்கள் வேலியோரம் பன்னாடை பொறுக்க வந்தார்கள். ஊதி ஊதி அம்மாவின் கண் எந்நேரமும் சிவந்திருக்கும். புகையில்லாத குசினி ஒன்றுதான் அவ கடவுளிடம் கேட்டது.

லண்டனில் அது கிடைத்தது. சுவிட்சைத் தட்டினால் வீடே சூடாகும். அதன் பிறகுதான் எனக்கு விறகு அடுப்பு ஆசை வந்தது.

மதிப்பீடு மூவாயிரம் பவுணைத் தாண்டியது. அடுப்பின் விலை அதில் பாதிகூட இல்லை. பழைய புகைபோக்கிக்குள் இறக்க எவர்சில்வர் குழாய், கூரையில் அதற்கொரு தொப்பி, அடியில் கருங்கல் பலகை, கட்டாயமாக ஒரு கார்பன் மொனொக்சைட் அலாரம், முறைப்படி பூட்டியதற்குச் சான்றிதழ். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நகரம் இது. 1956 இல் தூய காற்றுச் சட்டம் போட்டார்கள். இன்றும் லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டு வலயம். புகைபோக்கியால் புகை கிளம்பினால் 300 பவுண் வரை தண்டம். அந்தக் கணக்கில் அம்மாவின் ஒரு மாதச் சமையலுக்கு நாங்கள் காணியை விற்றிருக்க வேண்டும். (இத்தனை செய்தும் காஸ் பொயிலரைவிட இது கக்கும் நுண்துகள் அதிகமாம். அதை மதிப்பீட்டில் எழுதுவதில்லை.)

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. அளக்க ஒரு மானி வாங்கினேன். அம்மா இரண்டு கட்டைகளை எடுத்துத் தட்டிப் பார்த்தா. "கணீரெண்டுது. காய்ஞ்ச விறகுதான். உதுக்கு ஏன் மிசின்?"

எரியத் தொடங்கியதும் கண்ணாடிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கன நேரம் பார்த்தா.

"இவ்வளவு காசு குடுத்தனீ. இதிலை ஒரு கறி வைக்கேலாதே?"

"இது சமைக்கிற அடுப்பில்லை அம்மா. பாக்கிறதுக்கு."

நான் வேலையால் வந்த ஒருநாள், தணலுக்குள் கருவாடு சுட்டிருந்தா. தெரு முழுக்க மணம். தூய காற்றுச் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன்: புகையைப் பற்றித்தான் பேசுகிறது, கருவாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.