ரோபோவுக்கு மாலை போட்டாச்சா, பேராண்டி?

வாடா பேராண்டி. உங்க லேபுக்குத் தானா பிப்பெட் பண்ற, அதான் தண்ணிய அளந்து உறிஞ்சி ஊத்துற ரோபோ வந்து இறங்கிருச்சாமே? எலுமிச்சம்பழம் நசுக்கி, தேங்கா ஒடச்சு, பெரியவர் கையால ரிப்பன் வெட்டி, போட்டோவும் புடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்ப பாதி வேலை முடிஞ்சுது. இந்தப் புனே தாபோடியில எஸ்.டி., அதான் அரசு பஸ் ஒர்க்ஷாப்புல பஸ்ஸுக்கு அடியிலயே மல்லாந்து கெடந்து தலை நரைச்சவன் நான். மெஷினை எப்படி ஓட்டுறதுன்னு உங்க இன்ஜினியர் சொல்லுவான். எப்படிக் கெடுக்குறதுன்னு நான் சொல்றேன், கேட்டுக்கோ.

மொதல்ல, மேசைக்கு ரசமட்டம் வச்சுப் பாத்துராத. அது கொத்தனார் சோலி, நீ பி.எச்டி. 96 குழி பிளேட்டுல ஒரு குழி நடுவுக்கும் அடுத்த குழி நடுவுக்கும் 9 மில்லிமீட்டர். 384 குழின்னா அதுல பாதி, 4.5. மேசை லேசா ஆடி, 384 குழியில ரோபோ கையி ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போச்சுன்னா, உறிஞ்சுற டிப்பு குழியோரத்துல முட்டி வளையும். வளையட்டுமே! டிப்பு வாங்குறது உங்கப்பன் காசுலயா?

காலிபரேஷன் சீட்டு வந்திருக்குமே, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிரு. அது எந்த ஊர்ல, எந்த ஒசரத்துல அளந்ததுன்னு கேக்கப்படாது. புனே கடல் மட்டத்துக்கு 560 மீட்டர் மேல இருக்கு. இங்க காத்தழுத்தம் கம்மி. உன் மெஷின்ல பிஸ்டனுக்கும் தண்ணிக்கும் நடுவுல கொஞ்சம் காத்து நிக்குதுல்ல, அந்தக் காத்துதான் தண்ணிய இழுக்குது. அழுத்தம் கம்மியான ஊர்ல அந்தக் காத்து கூடுதலா விரியும், தண்ணி ஒரு பொட்டு கம்மியா ஏறும். சின்ன வித்தியாசந்தான். ஆனா சின்னதை அளக்கத்தானே அம்புட்டு லட்சம் குடுத்து வாங்கிருக்கீங்க?

இதைக் கண்டுபுடிக்கப் பெரிய வித்தை ஒண்ணும் வேண்டாம். நல்ல தராசு, சுத்தத் தண்ணி, ஒரு சின்னக் குப்பி. ஒரு மைக்ரோலிட்டர் தண்ணி ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். 50 ஊத்தச் சொன்னா 50 மில்லிகிராம் பக்கத்துல நிக்கணும். பத்துத் தடவை ஊத்தி, பத்தையும் எழுதிப் பாத்தா மெஷின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிரும். அதனால தராசுப் பக்கமே போயிராத.

கிளிசரினையும் தண்ணிக்கு எழுதுன வேகத்துலயே உறிஞ்சச் சொல்லு. பாதி காத்து, பாதி கிளிசரின்னு ஏறும். அது எதுத்துப் பேசாது, நீ என்ன சொன்னாலும் தலையாட்டுற பூம்பூம் மாடு அது. ஸ்பிரிட்டு எடுக்கச் சொன்னாலும் ஆட்டும். வழி நெடுகச் சொட்டுப் போட்டுக்கிட்டே போயி, ஸ்கிரீன்ல ‘முடிந்தது’ன்னு காட்டும். டிப்பை ரெண்டு மூணு தடவை நனைச்சு எடுத்தா சொட்டு கொறையும். கெடக்கட்டும், ஒனக்கு நேரமில்ல.

இந்த மாதிரி மெஷினோட அவசரம் கொரோனாவுலதான் தெரிஞ்சுது. 2020 மார்ச்சுல, நம்ம புனே மைலேப் கம்பெனிதான் இந்தியாவுலயே செஞ்ச மொதல் ஆர்டி-பிசிஆர் கிட்டுக்கு அனுமதி வாங்குச்சு. கிட்டு வந்துருச்சு, சரி. ஆயிரக்கணக்குல வர்ற சளி மாதிரிய யாரு பிரிச்சு ஊத்துறது? கையால பிப்பெட்டை அமுக்கி அமுக்கி லேப் புள்ளைங்க கட்டைவிரல் வீங்குனதுதான் மிச்சம். அந்த ஜூலை 27-ல நொய்டா, மும்பை, கொல்கத்தா மூணு எடத்துலயும் பிரதமர் மெஷின் லேப் தொறந்து வச்சாரு. ஒரு நாளைக்கு 10,000 மாதிரிக்கு மேல பாக்கன்னு தொறந்த லேபுக. அங்கல்லாம் மெஷின் மொணங்கியிருந்தா அன்னைக்கே ஆளு ஓடியிருக்கணும். ஒன் மெஷின் நின்னா எந்த ஊரு நிக்கப் போவுது? நீ நிம்மதியாத் தூங்கு.

ஒழுக்கை அடைக்கிற ஓ-ரிங் தேஞ்சிருக்கான்னு பாக்கணும்னா டிப்புல தண்ணிய ஏத்தி அரை நிமிஷம் அந்தரத்துல நிறுத்தணும். சொட்டுனா ஒழுக்கு. தெரிஞ்சுக்கிட்டா மாத்தணும், மாத்துனா பில்லு, பில்லுன்னா ஆபீசு. தெரியாம இருக்குறதே சொகம். ப்ளீச்சை ஊத்தித் தொடச்சா அப்படியே காய விட்டுரு, தண்ணியால கழுவாத. உலோகம் தானா அரிச்சுக்கும்.

பாஸ்வேர்டை ஒரே ஒரு பையன்கிட்டக் குடுத்து வை. காண்ட்ராக்ட் பையனாப் பாத்துக் குடு, எப்படியும் தீவாளிக்கு வேற வேலைக்குப் போயிருவான். ஏ.எம்.சி.ய, அதான் வருசாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தை, அடுத்த பட்ஜெட்டுல பாத்துக்கலாம்.

மெஷினை ஓட்டுன அந்தப் பையன் பேரை உன் ஆராய்ச்சிக் கட்டுரைல போட வேண்டாம், அதுவும் இந்த மண்ணு வழக்கந்தான். 1828-ல இதே தாபோடியில வெள்ளைக்காரன் ஒரு தாவரத் தோட்டம் போட்டான். அங்க உக்காந்து இலை இலையா, பூப்பூவாப் படம் வரைஞ்ச நம்ம நாட்டு ஓவியன் ஒருத்தன் உண்டு. படமெல்லாம் எடின்பரோவுல பத்திரமா இருக்கு. தோட்டத்தைப் பாத்துக்கிட்ட கிப்சன் துரை பேரும் பத்திரமா இருக்கு. வரைஞ்சவன் பேருதான் யாருக்கும் தெரியல.

என்ன மொறைக்கிற? சரி சரி, எந்திரி. நாளைக்குப் பெரியவர் வந்து “மெஷின் ஏன் ஓடல?”ன்னு கேட்டா, “தூசி படாம கவர் போட்டு வச்சிருக்கோம் சார்”னு சொல்லு. இந்த வருசத்துக்கு அது தாங்கும்.