“நீ சரியா குடுக்கல”

எங்கள் குடும்பத்தில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இரண்டு பேர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நைனா. இப்போது தம்பி. இருவரும் படுத்தது எம்.கே.பி. நகர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் அதே வீட்டில்தான். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் வைத்தியம் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. யாரும் கேட்காமலே வாசல் தேடி வரும் யோசனை மட்டும் மாறவில்லை. அதன் கூடவே வரும் குற்றச்சாட்டும் மாறவில்லை.

நைனா பின்னி மில் தொழிலாளி. கால் வீங்கியது, முகம் ஊதியது, சோறு இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எட்டைத் தாண்டியிருந்தது. அது ஒன்றையொட்டி இருக்க வேண்டியது. டயாலிசிஸ் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டோம். அரசு ஆஸ்பத்திரியில் இயந்திரம் சில, காத்திருந்தவர்கள் பலர். தனியாரிடம் போனால் நைனாவின் ஒரு மாதச் சம்பளம் ஒரு வாரத்துக்குக்கூடக் காணாது. மில்லும் அப்போதே தள்ளாடிக்கொண்டிருந்தது, 1996-ல் மூடியேவிட்டார்கள்.

அந்த இடைவெளியில்தான் யோசனைகள் வந்து குவிந்தன. எதிர்வீட்டு ஆயா, “வாழத்தண்டு சாறு குடும்மே. கல்லே கரையுது, இது கரையாதா?” என்றார். மில்லில் கூட வேலை பார்த்தவர் நெருஞ்சிமுள் கசாயம் என்றார். பெரியப்பா எண்ணூரிலிருந்து சைக்கிளில் இளநீர் கட்டிக்கொண்டு வருவார். குளிர்ச்சி, நீர் தானாகப் பிரியும் என்று நம்பினார். “வில்லிவாக்கத்துல கிட்னி குடுக்க ஆளு இருக்குதாம், காசு மட்டும் ரெடி பண்ணு” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனவரும் உண்டு. கடனில் முழுகியவர்கள் சிறுநீரகத்தை விற்று, அந்தப் பகுதிக்கே கிட்னிவாக்கம் என்று பெயர் வந்திருந்த காலம் அது. 1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்த பிறகுதான் அந்த விற்பனை குற்றமானது.

சிறுநீரகக் கல் வேறு, சிறுநீரகச் செயலிழப்பு வேறு. கல் இருப்பவருக்குச் சிறுநீரகம் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். செயலிழந்தவருக்குக் குடிக்கும் தண்ணீருக்கே கணக்கு உண்டு, உள்ளே போனது வெளியே வர வழியில்லாததால். வாழைத்தண்டிலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். நல்ல சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். கெட்டுப்போனது தள்ளாது. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுகூடப் போகலாம். பெரியப்பா அத்தனை தூரம் மிதித்துக் கொண்டுவந்த இளநீர் நைனாவின் உடம்பில் என்ன செய்யும் என்று அவருக்கு எடுத்துச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

நைனா போனார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த கூட்டத்தில் ஒரு குரல் அம்மாவிடம் சொன்னது: “வெறும் வயித்துல குடுக்கணும்னு படிச்சிப் படிச்சி சொன்னேன். நீ சரியா குடுக்கல.” அம்மா பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். எப்போது அந்தப் பேச்சு வந்தாலும், எத்தனை மணிக்குச் சாறு கொடுத்தேன், எதற்கு முன்னால் கொடுத்தேன் என்று கணக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இந்த யோசனைகளில் என்னை வாட்டுவது இதுதான். அவற்றுக்குத் தோல்வியே கிடையாது. மறுத்தால் புருஷன்மேல் அக்கறையில்லை. கொடுத்துக் குணமாகாவிட்டால் பத்தியம் தப்பிவிட்டது. மருந்துமேல் பழி வருவதே இல்லை. கண்விழித்துக் கிடந்து, கால் பிடித்து, கடன் வாங்கி அலைந்த பெண்ணின் தலையில்தான் எல்லாம் விழும்.

ஆனாலும் அந்தக் கால மனிதர்கள்மேல் எனக்குக் கோபம் தங்குவதில்லை. லாரித் தண்ணீர் வரும்போது எங்கள் குடத்தையும் சேர்த்து வரிசையில் வைத்தது அந்த ஆயாதான். நைனாவை மாடியிலிருந்து நாற்காலியோடு தூக்கி இறக்கியது மில்காரர்கள்தான். கொடுக்க வேறு எதுவும் இல்லாத ஊரில், கைக்கு எட்டியது கசாயமாக இருந்தது.

இன்றைக்கு அந்தச் சமாதானமும் செல்லாது. தம்பிக்குச் சர்க்கரை நோய், அதிலிருந்து சிறுநீரகம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளையும் அதே திட்டத்தில் தருகிறார்கள். 2008-ல் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை மருத்துவர்களான பெற்றோர் கொடையாகக் கொடுத்த பிறகு, தமிழ்நாட்டில் உறுப்பு தானம் ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. தம்பியின் பெயரும் அரசின் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. நைனாவுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் இருக்கும்போதுதான் தம்பியின் போனில் விடியற்காலையிலேயே வீடியோக்கள் வந்து விழுகின்றன. பதினைந்து நாளில் கிரியாட்டினின் இறங்கும், ஊசி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். அனுப்புகிறவர் முழுதாகப் பார்த்திருக்கவும் மாட்டார். மூக்கிரட்டைப் பொடி, பெயரில்லாத டப்பாவில் கறுப்பு லேகியம், ஷார்ஜாவிலிருந்து ஒரு பார்சல்.

பெயரில்லாத டப்பாவைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களில் கணிசமானோர் நாட்டு மருந்து சாப்பிட்டிருந்தார்கள், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்தது, நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது என்பது அதன் சாரம். சித்த வைத்தியத்தையே குறைசொல்ல நான் இதைச் சொல்லவில்லை. முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரிடம் தம்பியைக் காட்டினோம். ரிப்போர்ட்டை ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, “இந்த நிலைமையில நான் ஒண்ணும் தரமாட்டேன், டயாலிசிஸை விட்டுடாதீங்க” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. குணமாக்குவதாக விளம்பரமே செய்யக்கூடாத 54 நோய்களை 1954-ஆம் ஆண்டின் மாய மருந்துகள் சட்டம் பட்டியலிடுகிறது. அதில் சர்க்கரை நோய் உண்டு, சிறுநீரக நோயும் பிரைட்ஸ் நோய் என்ற பழைய பெயரில் உண்டு. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் நாளிதழ்களில் பகிரங்க மன்னிப்பு வெளியிட நேர்ந்தது. நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றலாம். சொந்தக்காரர் அனுப்பும் வீடியோவை எந்தக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது?

இருப்பதிலேயே கொடிய யோசனை மூலிகை எதுவும் இல்லை. “டயாலிசிஸ் ஆரம்பிச்சா வுடவே முடியாது, அதனால போவாத” என்பதுதான். இதைக் கேட்டுத் தள்ளிப்போட்டு, மூச்சுமுட்டி நடுராத்திரியில் வந்து சேரும் நோயாளிகளைப் பற்றி டயாலிசிஸ் வார்டு நர்சம்மா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. விட முடியாமல் போவது டயாலிசிஸ் பழகிவிடுவதால் இல்லை. சிறுநீரகம் வேலையை நிறுத்திவிட்டது, அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். இயந்திரத்துக்குப் பயந்து ஓடுகிறவர் ரத்தத்தில் சேரும் நஞ்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்?

தம்பி மனைவி என் அம்மாவைப் போல வாய்மூடி இருப்பவள் இல்லை. யார் எதைச் சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்பாள். பிறகு, “சரிண்ணா, வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குக் கூட வாங்க. டாக்டராண்டயே கேட்டுருவோம்” என்பாள். பலர் அத்தோடு பேச்சை விட்டுவிடுவார்கள். பக்கத்து பிளாக்கில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் மட்டும் உண்மையாகவே வந்தார். மூக்கிரட்டை சொன்னவரும் அவர்தான். நாலு மணி நேரமும் கட்டிலோரம் உட்கார்ந்து, குழாயில் ரத்தம் போய் வருவதைப் பார்த்தார். டாக்டர் விளக்கியதைக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் பிரஷர் இறங்கித் தம்பி தள்ளாடியபோது தோளில் சாய்த்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டார். இப்போது வெள்ளிக்கிழமை முழுக்க அவர் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைக்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.