ஒரே வயரை மூன்று முறை மாற்றுவது எப்படி

ரோபோக் கையைக் கழட்டி வயர் மாற்ற வேண்டிய தேவை மட்டக்களப்பில் யாருக்கும் இதுவரை வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளில் வெல்டிங் செய்யும் அந்த ஆறு மூட்டுக் கைகளை யூடியூப்பில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் கல்லடியில் என் வாசலில் நிற்கும் ஆட்டோவுக்கும் ஒரு மூட்டு இருக்கிறது: ஹேண்டில் கழுத்து. ரோபோவின் மணிக்கட்டுக்குள் வயர் படும் பாட்டைத்தான் இந்தக் கழுத்துக்குள்ளும் வயர் படுகிறது. லைற், சிக்னல், ஹோர்ன் வயர்களோடு கிளச், கியர், அக்சிலேட்டர் கேபிள்களும் அந்தச் சின்னப் பொந்துக்குள்தான் குடித்தனம்.

அந்தக் கழுத்து வயரை ஒரே வருடத்தில் மூன்று தடவை மாற்றியவன் என்ற தகுதியில் இந்த யோசனைகளைச் சொல்கிறேன். புது வண்டி வாங்கலாமே என்று கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடமும் ஊர் ஆட்டோக்கள் எல்லாம் பழைய கழுத்தோடுதான் ஓடின.

முதலில் வயரைத் தெரிவு செய்யுங்கள். மொத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 7/0.67 ஒரு சுருள் பரணில் கிடந்தால் இன்னும் நல்லது, காசு மிச்சம். ஹார்ட்வெயார்க் கடைக்காரருக்கு அந்த இலக்கம் மனப்பாடம்: 0.67 மி.மீ. தடிப்பில் 7 கம்பிகள். சுவருக்குள் வைத்துப் பூசினால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் கிடக்கும். கழுத்துக்குள் எனக்குக் கிடந்தது ஐந்து கிழமை.

ரோபோக் கேபிள் செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. அதே இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பை அவர்கள் 0.15 மி.மீ. மயிரிழைகளாக 140 ஆக்கி முறுக்குகிறார்கள். செம்பை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் அது இறுகும், இறுகியது வெடிக்கும். இழை மெல்லிசாக இருந்தால் வளையும்போது அதன் முதுகு கொஞ்சம்தான் இழுபடும். வெடிப்புக்கு நாள் செல்லும். மேலுறைக்கும் சாதாரண பிவிசி போடாமல் பொலியூரித்தேன் போடுகிறார்கள். வீண் செலவுதான், வேறென்ன.

இந்த ஊரில் உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வயரின் நுனியைத் திறந்தபடி விட்டால் ஈரம் இழைகளுக்கு நடுவே உறைக்குள்ளேயே ஏறும். முதல் வயரைக் கழட்டி உறையைச் சீவியபோது நுனியில் பச்சைக் களிம்பு, அதற்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கரிபோலக் கறுத்திருந்தது. அதில் ஈயம் ஒட்டவேயில்லை. படகுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய வயர் இப்படிக் கறுப்பது குறைவு. அதை வாங்கினால் மறுமுறை மாற்றும் அனுபவம் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். யோசித்துச் செய்யுங்கள்.

அடுத்தது கட்டுவது. ஆடுகிற இடத்தில் நல்ல இறுக்கமாக, அங்குலத்துக்கு ஒரு கேபிள் டை. மேலே டேப்பை ஒரு சுருள் முடியும்வரை சுற்றுங்கள். ஒட்டுப்போட வேண்டியிருந்தால் கழுத்து திரும்பும் அந்த இடத்திலேயே ஈயம் வைத்துப் போடுங்கள். ஈயம் குடித்த இழை குச்சிபோல நிற்கும், அந்தக் குச்சி முடிகிற இடத்தில் சரியாக முறியும். தேடி அலையத் தேவையில்லை.

என் இரண்டாவது வயர் இந்த முறைப்படி கட்டப்பட்டது. ஊறணியில் இடப்பக்கம் திரும்பினேன். ஹோர்ன் தானாக அடிக்கத் தொடங்கியது. டை உரசி உறை தேய்ந்து, வயர் ஹேண்டில் இரும்பில் பட்டிருக்கிறது. எதிரே போக்குவரத்துப் பொலிஸ்காரர். அவரைப் பார்த்தபடியே என் வண்டி விடாமல் கத்தியது. நேராக்கினால் அடங்கும், நேரே போனால் மதில். மூன்று தரம் இப்படிக் கத்தி, அடங்கி, கத்தினேன். பின்னால் இருந்த அம்மா, “தம்பி, நான் இஞ்சயே இறங்குறன்” என்றார்.

மெக்கானிக் அண்ணன் மீட்டரை வைத்துப் பார்த்தார், பிழை ஒன்றும் இல்லை. “வண்டி நிக்கக்குள்ள வயர் நல்ல பிள்ளதான் தம்பி. ஹேண்டில ஆட்டிக்கிட்டுப் பாக்கணும்” என்றார். ஒரு கையால் ஹேண்டிலை மெல்லத் திருப்பியபடி, மீட்டர் முள் துள்ளும் இடத்தில் நிறுத்தினார். ரோபோவிலும் விட்டுவிட்டு வரும் கோளாறைக் கையை அசைத்துத்தான் பிடிக்க வேண்டும். அவரோ தோணிக் கயிற்றைக் கொண்டு விளங்கப்படுத்தினார்: கயிறு நடுவில் அறுவதில்லை, முடிச்சுக்குப் பக்கத்தில்தான் அறும்.

மூன்றாவது வயரை அவர்தான் போட்டார். நான் சொன்ன யோசனை ஒன்றையும் அவர் கேட்கவில்லை. மூட்டுக்கு அங்கால ஒரு கட்டு, இங்கால ஒரு கட்டு, நடுவில் ஒன்றுமில்லை. கொஞ்சம் தொய்வு. ஆடுகிற கேபிளை அதன் தடிப்பைப்போல பத்து மடங்கு ஆரத்துக்குக் குறைய வளைக்கக்கூடாது என்பது ரோபோக்காரர்கள் வழமையாக வைத்திருக்கும் கணக்கு. அவர் அந்தக் கணக்கைக் கேள்விப்பட்டவரல்ல. ஆனால் சுண்டுவிரல் பருமனான வயர்க் கட்டை அவர் வளைத்து விட்ட வளைவு, ஒரு சோத்துக் கோப்பையின் விளிம்புக்குச் சரியாக இருந்தது. ஒட்டுகளைக் கழுத்திலிருந்து விலத்தி, ஆடாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

ரோபோதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். கழட்டமுதல் போட்டோ எடுத்துவையுங்கள், கை விழாமல் முண்டு கொடுங்கள். மூட்டு எத்தனை சுற்றுத் திரும்பியிருக்கிறது என்ற ஞாபகத்தைப் பல ரோபோக்களில் ஒரு சின்னப் பற்றரிதான் வைத்திருக்கும். அந்தத் தொடுப்பைப் பிடுங்கினால் கைக்குத் தன் கை எங்கே என்று தெரியாமல் போகும், மறுகா பூச்சியத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆட்டோவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. பற்றரியின் எர்த்தை முதலில் கழட்டினால் போதும்.

மிஞ்சிய 7/0.67 சுருளை என்ன செய்வதென்று கேட்பீர்கள். புடலைப் பந்தலுக்குக் கட்டியிருக்கிறேன். கச்சான் காற்றுக்கு மட்டும்தான் அங்கே ஆட்டம். இந்தத் தடவை தொய்வு விட்டுத்தான் கட்டினேன்.