அத்திப்பள்ளி தாண்டினால் வரி குறையுமா?

கேமிங் கம்ப்யூட்டருக்கு 70 ஆயிரம் வைத்திருக்கிறேன். 45 ஆயிரத்தை கிராபிக்ஸ் கார்டுக்கே கொடுத்துவிடலாமா? பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினால் வரி மிச்சமாமே?
– வாசகர், ஓசூர்

உங்கள் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? 60 என்றால், கார்டு நொடிக்கு 140 படம் வரைந்தாலும் திரை மாறுவது 60 முறைதான். மீதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்! கார்டில் கொஞ்சம் குறைத்து, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் பாருங்கள். ரேம் ஒற்றை 16 ஜிபி வேண்டாம். இரண்டு 8 போடுங்கள், வேகம் கூடும். பவர் சப்ளையில் மட்டும் கை சுருக்காதீர்கள். மட்டமானது போகும்போது மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்.

வரியா? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின், மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். இப்போது 18 சதவீதம். எஸ்.பி. ரோட்டில் கடைக்குக் கடை பேரம் பேசலாம். பில் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.