ஓட்டை பத்தாது

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை பால்புட்டியைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறது என்ற சேதி தூத்துக்குடி திரேஸ்புரத்தில் கிளம்பினால், மில்லர்புரத்தில் நம் அத்தை அதற்குள் ஆட்டோ ஏறியிருப்பார். கையில் மக்ரூன் பொட்டலம். "எங்கிட்ட தா, நான் குடிக்க வைக்கேன்" என்பதுதான் வந்ததும் சொல்லும் வணக்கம். பிள்ளை அவர் மடியிலும் வாயைத் திறக்காது. உடனே நோய் கண்டுபிடிக்கப்படும்: "ஏட்டி, ரப்பர்ல ஓட்டை பத்தாது. அதான் பிள்ள குடிக்க மாட்டுக்கு. ஊசியக் கொண்டா." அடுப்பில் ஊசி சிவக்கும்; நிப்பிளின் நுனியில் இறங்கும். ரப்பர் கருகும் வாசனையில் அத்தையின் முகம் மலரும். புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, சொட்டு விழும் வேகத்தைக் கண்ணால் அளந்து, உதட்டைப் பிதுக்கி, இன்னொரு குத்து. கடைசியில் மிஞ்சுவது நிப்பிள் அல்ல, குழாய். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துகளைத் தரம் பிரிக்க வெவ்வேறு அளவில் துளையிட்ட பித்தளைச் சல்லடைகள் இந்தக் கரையில் இருந்தன. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. அதன் பிறகு துளையைப் பற்றிய ஊரின் ஞானமெல்லாம் அத்தையிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஓட்டைக்கும் பிள்ளையின் மறுப்புக்கும் சம்பந்தம் உண்டுதான். ஆனால் அது அத்தை நினைப்பதற்கு நேர் எதிரானது. தாயிடம் பிள்ளை முதலில் சப்ப வேண்டும். அதன் பிறகே பால் இறங்கும். எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பிள்ளையின் கையில், அதாவது வாயில். புட்டியோ கவிழ்த்த மாத்திரத்தில் ஒழுகும். அதனால்தான் சின்னத் துளையுள்ள நிப்பிளாகப் பாருங்கள், பிள்ளையை நிமிர்த்தி வையுங்கள், புட்டியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், நடுநடுவே நிறுத்துங்கள் என்கிறார்கள். அத்தை பிள்ளையை மல்லாத்திப் போட்டு மடையைத் திறந்துவிடுகிறார். விழுங்குவதா மூச்சுவிடுவதா என்று தெரியாமல் பிள்ளைக்குப் புரையேறுகிறது. அடுத்த முறை புட்டியைப் பார்த்ததுமே வீறிடுகிறது. "பாத்தியா, இன்னும் பத்தல!" தோற்பதையே சாட்சியாக வைத்துக்கொள்ளும் சித்தாந்தத்தை யாரால் வாதாடி வெல்ல முடியும்?

அத்தை கையில் எத்தனையோ பிள்ளைகள் குடித்திருக்கின்றனவே என்று கேட்பீர்கள். குடித்திருக்கின்றன. வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், "நீ அந்தப் பக்கம் போ" என்று தாயை விரட்டுவது. தாயின் வாசனையும் குரலும் விலகிப்போனால், பசித்த பிள்ளைகள் பல கிடைத்ததற்குச் சம்மதிக்கும். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா கொடுத்தாலும் குடித்திருக்கும். பெயர் மட்டும் ஊசிக்குப் போகிறது. பிள்ளை பெற்று வளர்த்த அனுபவம் பொய்யா என்றும் கேட்கலாம். வேடிக்கையே அங்கேதான். அத்தை தன் பிள்ளைகளுக்குப் புகட்டியது வெள்ளிச் சங்கில். அசல் சங்குக்கும் அந்த வேலை இருந்தது. தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு வளையல் அறுக்க வங்காளத்துக்குக் கப்பலேறியது. சின்னச் சங்குகள் தென்னாட்டில் பால் புகட்ட உதவின என்பதை, சங்கைப் பற்றி 1914இல் ஒரு நூலே எழுதிய ஜேம்ஸ் ஹார்னல் பதிந்திருக்கிறார். சங்கில் ரப்பரும் கிடையாது, குத்துவதற்கு ஓட்டையும் கிடையாது. தாய் பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு மருத்துவர்கள் இன்றைக்கும் சங்கு போன்ற பாலாடையையோ சின்னக் கிண்ணத்தையோதான் முதலில் சொல்கிறார்கள். அத்தையின் வெள்ளிச் சங்கு பீரோவில் பூட்டியிருக்கிறது. பால்புட்டிக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992இலேயே இந்தியாவில் சட்டம் வந்துவிட்டது. கம்பெனிகளுக்குக் கடிவாளம் போட்டார்கள். கூலி வாங்காமல் ஆட்டோ பிடித்து வீடுவீடாக வருகிற அத்தையைச் சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அவரை வெறுக்கவும் முடியாது; தாய் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதே. தனியார் வேலையில் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே கழிந்துவிடலாம். கழிந்தால், பிள்ளைக்கு ஐந்து மாதம் நிறையும் முன்பே தாய் வேலைக்குக் கிளம்ப வேண்டும். மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். உப்பளத்தில் தினக்கூலிக்குப் போகிறவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் பெரும்பாலும் எட்டுவதே இல்லை. பிழிந்து வைத்த பால் 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்கிறார்கள். மே மாதத் தூத்துக்குடியில் 25 டிகிரியைப் பிரிட்ஜுக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, தாய் போனபின் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாலைவரை நடப்பது அந்த அத்தைதான். சம்பளம் கிடையாது, காபி சூடாக இருந்தால் போதும். ஆனால் "ஒனக்குப் பழக்கத் தெரியல" என்று தாயைப் போகும்போது ஒரு குத்து, வரும்போது ஒரு குத்து குத்துகிறாரே, அதைப் பொறுக்க முடியவில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017இலேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஊரில் ஒருவர் விடாமல் கேள்வி கேட்கிற வாய், தாய் வேலை செய்கிற அலுவலகத்து வாசலில் போய் "பிள்ளைய எங்கய்யா வைக்க?" என்று ஒரு தரம் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் அத்தை குரலைத் தாழ்த்துகிறார்: "அது வேல குடுக்கிற எடம்ட்டி. அங்க போயி நாம என்னத்தப் பேச?"